மாளிகைமேட்டுப் பச்சைச் சில்லுகளும் ஜப்பானியர் பிரித்தறிந்த நிறங்களும்

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில், தமிழக அரசு தொல்லியல் துறை 1980 முதல் பல கட்டங்களாக நடத்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற்சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகளோடு சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்துள்ளன. அவற்றுள் பச்சை மெருகேறியவற்றைப் பொதுவாகச் 'செலடான்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, சோழர்களின் சீன வணிகத்துக்குச் சான்று என்று கூறி நிறுத்திக்கொள்கிறோம். அது போதாது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர் சீனம் சென்றதைச் சொங் அரசின் ஆவணங்களே சொல்கின்றன; அங்கே வணிகம் இருந்ததா என்பது இன்று கேள்வியே அல்ல. எந்தச் சில்லு எந்த அரசனின் காலத்தில் வந்தது என்பதே கேள்வி. அதற்கு விடைதேடும் முதற்படி அதன் நிறம் என்பது என் வாதம்.

மெருகில் உள்ள இரும்பு ஓரிரு விழுக்காடுதான். சூளையில் காற்றை ஒடுக்கி, 1200 பாகைக்கு மேல் சுட்டால் அது பச்சையாகிறது. காற்று சற்றே கூடுதலாகப் புகுந்தால் மஞ்சள் தட்டுகிறது. நம் கருப்பு-சிவப்புப் பானைகளின் இரு நிறங்களிலும் இதே காற்றின் ஆட்டம் உண்டு. ஆக, நிறம் என்பது வேலைமுறையின் தடம். இதை நுணுகிப் பார்த்தவர்கள் ஜப்பானியர். செலடானுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் 'செய்ஜி'. அதற்குள், தென்சொங் காலத்து லோங்சுவான் சூளைகளின் நீலம் தோய்ந்த தடித்த மெருகுக்குக் 'கினுதா' என்றும், யுவான், மிங் காலங்களின் அடர்பச்சைக்குத் 'தென்ரியூஜி' என்றும், ஃபூஜியன் பகுதியில் சீப்புக்கோடு கீறிச் சுட்ட மஞ்சள் தட்டிய பச்சைக்குத் தேநீர்க் கலைஞர் முராதா ஜுகோவின் பெயரால் 'ஜுகோ செய்ஜி' என்றும் பெயரிட்டனர்.

இந்தப் பகுப்பை மாளிகைமேட்டின் மேல் வைத்துப் பார்த்தால் பயன் புலப்படும். 1025ஐ ஒட்டி முதலாம் இராசேந்திரன் இத்தலைநகரை எழுப்பியபோது, கினுதா நிறம் இன்னும் பிறக்கவில்லை; தென்சொங் காலம் அதற்குப் பிந்தியது. அவன் அரண்மனைக்குச் செலடான் வந்திருந்தால், அது சீனத்தின் யுவே போன்ற சூளைகளின் மெல்லிய ஆலிவ் பச்சையாகவே இருந்திருக்க வேண்டும். நீலச்சாயல் தடித்துப் படிந்த சில்லு சோழராட்சியின் பிற்பகுதியைச் சேர்ந்தது. தென்ரியூஜி வகை கிடைத்தால், 1279ஐ ஒட்டிச் சோழராட்சி முடிந்த பிறகும் இம்மேட்டில் வசதியான வாழ்க்கை தொடர்ந்ததா என்ற கேள்வியே புதிதாக எழும்.

ஒரே சூளையில் அடுக்கிய இரு கிண்ணங்கள்கூட ஒரே நிறத்தில் வெளிவருவதில்லை, மண்ணில் புதைந்த மெருகும் மங்கிவிடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் நிறத்தைத் தனியே நம்பாமல், உடைந்த விளிம்பில் தெரியும் மெருகின் தடிப்பு, உள்மண்ணின் நிறம், அடிவளையத்தைச் சீவிய விதம் ஆகியவற்றோடும் மண்ணடுக்கோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவை ஒன்றையொன்று திருத்தும். இன்னொரு மறுப்பு கனமானது: தேநீர்ச் சடங்கில் ஊறிய ஜப்பானிய ரசனையைச் சோழர் மேல் ஏற்றலாமா? விரிசல் விட்டு உலோகத் தையலிடப்பட்ட கிண்ணத்தைக் காத்து, 'பகோஹன்' என்று பெயரும் சூட்டி, இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மரபு அது. அதற்கு நிகரான சான்று நம்மிடம் இல்லை. அந்த ரசனையை நான் இரவல் கேட்கவுமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி உடையாமல் நின்ற கலங்களை வைத்து அவர்கள் பழக்கிய கண்ணே நமக்கு வேண்டியது. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா தென்னிந்தியக் கடற்கரைகளில் சீனச் சில்லுகளைத் தேடி ஆராய்ந்தது இதற்கு நல்ல முன்னோடி.

சீனத்துச் சுவான்சௌ நகரின் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, தமிழ் வணிகர் அத்துறைமுகத்தில் கோயில் கொண்டிருந்ததைக் காட்டுகிறது. ஜுகோ வகையைச் சுட்ட ஃபூஜியன் சூளைகளின் சரக்கு கப்பலேறிய துறைமுகம் அது. ஆகவே மாளிகைமேட்டுப் பச்சைச் சில்லுகளுள் மஞ்சள் தட்டியவை எத்தனை, அவற்றுள் சீப்புக்கோடு உள்ளவை எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும்.