அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை: இனம், சலுகை, நியாயம்

கல்லூரியில் இடம் கேட்டு வரும் மாணவரின் இனப் பின்னணியைத் தேர்வுக் குழு கணக்கில் கொள்ளலாமா என்பது அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றம் ஏறிவரும் கேள்வி. கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பெற்றோரின் பணம், குடும்பம் படித்த கல்லூரி, விளையாட்டு, வளர்ந்த ஊர் ஆகியவை தரும் முன்னுரிமைகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. இனத்தை மட்டும் பார்த்து இந்த விவாதத்தை எடைபோட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

பெயரும் பொருளும்

சிறுபான்மை இனத்தவருக்கும் பெண்களுக்கும் வாய்ப்பளிக்கும் முயற்சிகளை அமெரிக்காவில் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ என்கிறார்கள். தமிழ் ஏடுகள் பெரும்பாலும் இதை ‘இட ஒதுக்கீடு’ என்றே எழுதுகின்றன. இது குழப்பம் தரும் மொழிபெயர்ப்பு. இந்த இனத்துக்கு இத்தனை இடம் என்று எண்ணி ஒதுக்குவது அமெரிக்கக் கல்லூரிகளில் 1978இலேயே தடைசெய்யப்பட்டது. அதன்பின் 2023 வரை நடந்தது, மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றோடு இனத்தையும் ஓர் அம்சமாகச் சேர்த்துப் பார்த்ததுதான்.

‘சலுகை’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. தமிழ்ப் பேச்சில் சலுகை என்றால் இல்லாதவருக்குக் கொடுப்பது. இந்த விவாதத்தில் அது பெரும்பாலும் எதிர்ப்பொருளில் வருகிறது: பிறந்த வீடும் ஊரும் நிறமும் ஒருவருக்குக் கேளாமலே கொடுத்துவிடும் வசதி. அதைப் பெற்றவர் அதை வசதி என்று உணர்வதுகூட அரிது.

அடுத்த அறையில் ஒரு நாற்காலி

ஜார்ஜ் மெக்லாரின் முதுகலைப் பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர். கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்க ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டபோது, நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். நீதிமன்றம் தலையிட்டபின் 1948இல் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறையை ஒட்டிய சிறு அறையில்தான் அவருக்கு நாற்காலி. நூலகத்தின் பொது வாசிப்பறையில் அவர் உட்காரக் கூடாது. இடைத்தளத்தில் தனி மேசை. உணவகத்திலும் தனி மேசை, மற்ற மாணவர்கள் சாப்பிடாத நேரத்தில். பிறகு வகுப்பறைக்குள்ளேயே ஒரு பகுதியைக் கம்பித் தடுப்பால் பிரித்து, ‘கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது’ என்று பலகை வைத்து அவரை உட்காரவைத்தார்கள்.

1950 ஜூன் 5 அன்று, இப்படிப் பிரித்து வைப்பது சமமான கல்வி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் சட்டக் கல்லூரியில் ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவரைச் சேர்க்கச் சொன்ன தீர்ப்பும் அதே நாளில் வந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குக்கு இவை பாதை போட்டன. அப்படியும் 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மத்திய அரசு படையை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த இரவுக் கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர்.

ஹார்வர்டும் ‘குணநலன்’ அளவுகோலும்

1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினர். நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு இடம் என்பதே அன்றைய வழக்கம். யூத மாணவர்களும் அப்படித்தான் தேறி வந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல் யூதர்களுக்கு 15 சதவீத உச்சவரம்பு வைக்க முயன்றார். ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் மாறியது. இனம், நிறம், தாயின் கன்னிப்பெயர் ஆகியவற்றோடு, ‘பிறந்தபின் உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதா?’ என்ற கேள்வியும் அதில் ஏறியது. பெயரை மாற்றிக்கொண்ட யூதக் குடும்பங்களை அடையாளம் காண்பதே அதன் நோக்கம்.

1926 வாக்கில் ‘குணநலன்’, ‘தலைமைப் பண்பு’, நிழற்படம், நேர்காணல் எல்லாம் சேர்க்கையின் பகுதிகளாயின. யூதர் பங்கு சரிந்தது. சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட ‘தி சோசன்’ என்ற நூல் இந்த வரலாற்றை ஆவணங்களோடு விவரிக்கிறது. இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பெருமையோடு சொல்லும் ‘முழுமையான மதிப்பீடு’ இந்த மண்ணில் வேர்விட்டது. ஒரு கூட்டத்தாரை வெளியே நிறுத்த உருவான அதே முறை, பிற்காலத்தில் இன்னொரு கூட்டத்தாரை உள்ளே அழைத்துவரவும் பயன்பட்டது.

சட்டத்தின் பாதை

1961இல் அதிபர் கென்னடியின் ஆணை ஒன்று, அரசு ஒப்பந்ததாரர்கள் இனம் பாராது வேலை தர ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ எடுக்க வேண்டும் என்றது. மத்திய அரசின் நிதி பெறும் நிறுவனங்கள் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய அதிபர் ஜான்சன், ஆண்டுக்கணக்கில் விலங்கிடப்பட்டவனை அவிழ்த்துவிட்டு ஓட்டப் பந்தயக் கோட்டில் நிறுத்துவது நியாயமாகிவிடாது என்ற கருத்தை முன்வைத்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. இருமுறை இடம் மறுக்கப்பட்ட வெள்ளையரான ஆலன் பாக்கி வழக்குத் தொடர்ந்தார். 1978 தீர்ப்பு அந்த 16 இடங்களைச் செல்லாதென்றது; ஆனால் மாணவர்களிடையே பன்மையை வளர்க்க இனத்தை ஓர் அம்சமாகக் கருதலாம் என்று நீதிபதி பவல் எழுதினார். இதனால் விவாதத்தின் அடிப்படையே நகர்ந்தது. பழைய அநீதிக்கு ஈடு செய்வது என்ற காரணம் பின்னுக்குப் போனது. எல்லா மாணவர்களுக்கும் பயன்தரும் பன்மை என்பதே சட்டம் ஏற்கும் முக்கியக் காரணமாக நின்றது.

2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரே நாளில் இரு தீர்ப்புகள் வந்தன. இளநிலைச் சேர்க்கையில் 150 புள்ளி அட்டவணை இருந்தது. குறைவாக இடம்பெற்ற சிறுபான்மையினருக்கு 20 புள்ளிகள் தானாகக் கிடைக்கும். அதை நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டக் கல்லூரி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்த்ததால் அந்த முறை 5-4 என்ற கணக்கில் தப்பியது. இன்னும் 25 ஆண்டுகளில் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கத் தேவை இராது என்று நீதிபதி ஓகானர் எதிர்பார்த்தார். இருபது ஆண்டுகளிலேயே கதவு மூடப்பட்டது.

2023 தீர்ப்பு

எட்வர்டு பிளம் நிறுவிய ‘ஸ்டூடண்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ்’ என்ற அமைப்பு 2014இல் ஹார்வர்டு மீதும் வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. ஆசிய அமெரிக்க மாணவர்களை ஹார்வர்டு பாகுபாட்டோடு நடத்துகிறது என்பது முக்கியக் குற்றச்சாட்டு.

வழக்கு விசாரணை ஹார்வர்டின் சேர்க்கை அறைக்குள் வெளிச்சம் பாய்ச்சியது. ஓராண்டில் சுமார் 1,600 இடங்களுக்கு 35,000 பேர் விண்ணப்பித்திருந்தனர். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் மட்டும் 3,400 பேர். பள்ளியில் எல்லாப் பாடங்களிலும் உச்சத் தரம் பெற்றவர்கள் 8,000க்கும் மேல். மதிப்பெண்ணை மட்டும் வைத்து இவர்களில் யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய இயலாது. எனவே படிப்பு, பிற ஈடுபாடுகள், விளையாட்டு, ஆளுமை என ஒவ்வொன்றுக்கும் தரப்புள்ளி இட்டார்கள். படிப்பில் மேலோங்கிய ஆசிய அமெரிக்கர்களுக்கு ‘ஆளுமை’யில் சராசரியாகக் குறைந்த புள்ளிகளே கிடைத்திருந்தன. பாகுபாடு காட்டும் எண்ணம் நிறுவப்படவில்லை என்று கீழ் நீதிமன்றம் 2019இல் சொன்னது. ஆனாலும் இந்தப் புள்ளிவிவரத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நூறாண்டுக்கு முன் யூத மாணவர்களின் ‘குணநலன்’ அளக்கப்பட்ட கதையை அறிந்தவருக்கு இது மனத்தை உறுத்தும்.

உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இரு பல்கலைக்கழகங்களின் முறைகளையும் ரத்து செய்தது. ஹார்வர்டோடு தொடர்பிருந்ததால் நீதிபதி ஜாக்சன் அந்த வழக்கில் பங்கேற்கவில்லை, அதில் 6-2. மாணவர் தம் கட்டுரையில் இனம் தம் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று எழுதினால் அதைக் கருதலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குறிப்பிட்டார். இனத்தால் விளைந்த சமத்துவமின்மை கண்முன் நிற்கும்போது சட்டம் அதைக் காணாதிருப்பது சமத்துவம் ஆகாது என்பது எதிர்த்தீர்ப்பு எழுதிய சோட்டோமேயர், ஜாக்சன் இருவரின் வாதம்.

பெயர் இல்லாத ஒதுக்கீடுகள்

தாயோ தந்தையோ அதே கல்லூரியில் படித்திருந்தால் பிள்ளைக்கு முன்னுரிமை தருவது ‘லெகசி’, அதாவது வாரிசுச் சலுகை. ஹார்வர்டு வழக்கில் வெளியான தரவுகளைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புடையோர் முதலானவர்களைக் கொண்ட முதன்மைப் பட்டியல், ஆசிரியர் ஊழியரின் பிள்ளைகள் என்ற நான்கு வகைகளில் அடங்கினர். கறுப்பின, ஹிஸ்பானிக், ஆசிய அமெரிக்க மாணவர்களிடையே இந்தப் பங்கு 16 சதவீதத்துக்கும் குறைவு. இந்த நான்கு வகைகளில் வந்த வெள்ளை மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் இந்தச் சலுகை இல்லையென்றால் இடம் பெற்றிருக்க மாட்டார்கள் என்பது ஆய்வின் கணிப்பு.

ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றவர்களிலும், நாட்டின் முதல் ஒரு சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இருமடங்குக்கும் மேலான அளவில் ஐவி லீக் எனப்படும் பழைய முன்னணித் தனியார் கல்லூரிகளிலும் அதற்கிணையான கல்லூரிகளிலும் இடம்பெறுகிறது.

பணம் எல்லை மீறியதும் உண்டு. 2019 மார்ச்சில் அமெரிக்க அரசு வெளிக்கொணர்ந்த மோசடியில், ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு தேர்வுத் தாள்களைத் திருத்த ஏற்பாடு செய்தார். பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து மாணவர்களைப் போலி விளையாட்டு வீரர்களாகச் சேர்த்தார். படகோட்டியே பழகாத மாணவரைப் படகோட்ட வீரராகக் காட்டப் படங்கள் தயாராயின. தம் வழியை அவர் ‘பக்கவாசல்’ என்று அழைத்தார். பெருந்தொகை நன்கொடை தருவது அவர் கணக்கில் கொல்லைப்புற வாசல். லஞ்சத்துக்குத் தண்டனை கிடைத்தது. நன்கொடைக்குத் தண்டனை இல்லை.

மதிப்பெண்ணும் தொடக்கக் கோடும்

‘தேர்வு மதிப்பெண் ஒன்றே போதும்’ என்பது நேர்மையானவர்களும் சொல்லும் தீர்வு. தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராத அளவுகோல் என்பதால் அதற்கு வலு உண்டு. ஆனால் அமெரிக்காவில் பள்ளிகளின் நிதியில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் வரைபடங்கள் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு அடித்தன. அங்கே கடன் கிடைக்கவில்லை, வீட்டு மதிப்பு உயரவில்லை. வீட்டு மதிப்பு தாழ்ந்த ஊரில் பள்ளியின் வருவாயும் தாழ்கிறது. குடும்ப வருமானம் ஏற ஏற எஸ்.ஏ.டி. சராசரியும் ஏறுவது பல ஆண்டுத் தரவுகளில் தெரிகிறது. கொரோனாக் காலத்தில் தேர்வைக் கட்டாயமில்லை என்றாக்கிய சில முன்னணிக் கல்லூரிகள் மீண்டும் கட்டாயமாக்கின. மதிப்பெண் இல்லாதபோது, எளிய பள்ளியிலிருந்து வரும் திறமைசாலியைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது என்று அவற்றில் ஒன்றான எம்.ஐ.டி. 2022இல் விளக்கியது. ஓடிய தூரத்தைச் சேர்த்துப் படித்தால்தான் மதிப்பெண் உண்மை பேசும்.

மாற்று வழிகள்

டெக்சாஸ் 1997இல் இயற்றிய சட்டம், மாநிலத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றது. நெருக்கடி காரணமாக ஆஸ்டின் வளாகத்துக்கு இந்த வரம்பு பின்னர் குறைக்கப்பட்டது. ஒரே பள்ளிக்குள் போட்டி என்பதால் சிற்றூர் மாணவருக்கும் ஏழைப் பகுதி மாணவருக்கும் வழி பிறந்தது. எனினும் பள்ளிகள் இன்னும் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால்தான் இத்திட்டம் பன்மையைத் தருகிறது. அந்தப் பிரிவினையை அது மாற்றவில்லை.

வாரிசுச் சலுகையைக் கைவிடும் போக்கும் பரவுகிறது. கொலராடோ 2021இல் அரசுக் கல்லூரிகளில் அதைத் தடைசெய்தது. 2024இல் மேரிலாந்தும் கலிபோர்னியாவும் தனியார் கல்லூரிகளுக்கும் தடையை நீட்டித்துச் சட்டம் இயற்றின.

தீர்ப்புக்குப் பின்

2024இல் சேர்ந்த முதல் அணியில் எம்.ஐ.டி.யில் கறுப்பின மாணவர் பங்கு, முந்தைய ஆண்டுகளின் சராசரியான 13 சதவீதத்திலிருந்து 5 ஆகச் சரிந்தது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 11இலிருந்து 3 ஆனது. யேல் பல்கலைக்கழகத்தில் 14 சதவீதமாகவே நீடித்தது. அங்கே ஆசிய அமெரிக்கர் பங்கு 30இலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஓர் ஆண்டின் எண்களை வைத்து இறுதி முடிவுக்கு வர இயலாது.

இந்தியச் சட்டத்தோடு ஒப்பீடு

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1951இல் ரத்து செய்ததும், அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. எனவே இந்தியாவில் ஒதுக்கீட்டுக்கு அரசியல் சட்டமே இடமளிக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீட்டை 2008இல் ஏற்றபோது, இன அடிப்படையிலான விதிகளுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் பயன்படுத்தும் கடுமையான ஆய்வு முறை இங்கே பொருந்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது.

எடைபோடும் முறை

எந்தச் சேர்க்கை விதியையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். அளவுகோலை யார் வைத்தார்கள், அது யாருக்கு வாகாக இருக்கிறது? அந்த மாணவர் எங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார்? அந்த இடம் எதற்காக இருக்கிறது: ஒருவருக்குப் பரிசாகவா, நாட்டுக்கு மருத்துவரையும் ஆசிரியரையும் உருவாக்கவா? இக்கேள்விகளை வாரிசுச் சலுகைக்கும் கேட்க வேண்டும், மதிப்பெண்ணுக்கும் கேட்க வேண்டும், இனத்தைக் கருதும் முறைக்கும் கேட்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கேட்டு மற்றவற்றை விட்டுவிடுவது ஓரவஞ்சனை.

தமிழில் ‘ஒதுக்குதல்’ என்ற ஒரே சொல் விலக்கி வைப்பதையும் குறிக்கும், ஒருவருக்கென்று எடுத்து வைப்பதையும் குறிக்கும். மெக்லாரினின் நாற்காலியருகே இருந்த பலகை முதல் பொருளில் எழுதப்பட்டது. அவருடைய தகுதியை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்தத் தகுதி அவருக்கு உதவவும் இல்லை. அதே காலத்தில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குப் பல கல்லூரிகளில் இடங்கள் இரண்டாம் பொருளில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேல் பலகை ஏதும் மாட்டப்படவில்லை.