மிளகாய் கற்பித்த பாடம்



கிள்ளானில் என் வீட்டு வாசலில் ஆறு தொட்டிகளில் ஊசி மிளகாய் வளர்க்கிறேன். சிலி பாடி என்றால் அனைவருக்கும் தெரியும். ஒருநாள் பழுத்த மிளகாய் சிலவற்றை வகுப்பறைக்குக் கொண்டு சென்றேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, “டீச்சர், மிளகாய் முதன்முதலில் நம் தமிழ்நாட்டில்தான் விளைந்ததா?” என்று கேட்டாள். “ஆமாம், பழந்தமிழர் உணவாயிற்றே” என்றேன். வீடு திரும்பிப் படித்த பின்னரே என் பிழை புரிந்தது.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்குள்ள மக்கள் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே அதனை உண்டனர். 1492-இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பிறகே மற்றக் கண்டங்கள் அதனை அறிந்தன. போர்த்துகீசியர் 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தனர். 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் கைப்பற்றினர். ஆசியாவில் மிளகாய் பரவியதில் அவர்களது கடல் வணிகத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. சங்க இலக்கியம் ‘கறி’ எனக் குறிப்பது மிளகையே. மிளகாய் அங்கு இல்லை. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் அதற்கு ‘மிளகாய்’ என்று பெயர் வந்தது. மலாய் மொழியின் ‘சிலி’ என்ற சொல்லோ மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் தோன்றியது. ஒரே காயின் வரலாற்றை நம் நாட்டின் இரு மொழிகளும் இருவேறு விதமாகப் பாதுகாத்து வைத்துள்ளன.

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அதே மாணவி, “அப்படியென்றால் அப்போது ரசத்திற்கு என்ன போட்டார்கள்?” என்று கேட்டாள். பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

எல்லாமே தொன்றுதொட்டு நம்முடையவை எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது எளிது. பின்னாளில் உண்மை தெரியும்போது, மெய்யாகவே தொன்மையான நம் இலக்கியத்தையும் அவர்கள் ஐயுறுவார்கள். அயலிலிருந்து வந்தது என்பது இழுக்கன்று. நம் முன்னோரைத் தோட்டப்புறங்களுக்கு அழைத்து வந்த ரப்பரும் தென் அமெரிக்க மரமே. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்கு விதைகள் சென்றன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. மரமும் வந்தது, மனிதரும் வந்தனர்; இன்று இரண்டும் இம்மண்ணுக்கு உரியவை.

பெற்றோர்களே, அடுக்குமாடி வீடானாலும் வெயில் படும் இடத்தில் ஒரு தொட்டி வையுங்கள். நம் பள்ளத்தாக்கின் அடைமழையில் வேர் அழுகாதிருக்க, தொட்டியின் அடியில் துளைகள் வேண்டும். காரம் மிகுதியாக இருப்பது விதையில் அன்று, விதையைத் தாங்கும் வெண்ணிறச் சதையில். ஆகவே பறித்து நறுக்கிய கையால் கண்ணைத் தொட விடாதீர்கள். நாக்கு எரிந்தால் தண்ணீரைவிடப் பால் நல்லது. முதற்காய் பழுக்கும் நாளில் அதன் வரலாற்றையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.