ஈப்போ ஊராட்சித் தேர்தல்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போவின் நகர மன்றத்துக்கு 1950-களிலும் 1960-களின் முற்பாதியிலும் மக்களே வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறை. 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று ஈப்போவாசி நாடாளுமன்றத்துக்கும் பேராக் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கிறார். தம்மிடம் மதிப்பீட்டு வரி வாங்கும் மாநகர் மன்றத்துக்கு வாக்களிக்க வழியில்லை.

ஆங்கிலேயருடன் செய்த 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கை ஆண்ட மன்றங்கள் எல்லாமே நியமன மன்றங்கள்தான். ஈயச் சுரங்கத்தால் பெருத்த ஈப்போவையும் ஆங்கிலேயர் நியமித்த சுகாதார வாரியமே நடத்தியது. 1950இல் வந்த ஊராட்சித் தேர்தல் சட்டம் இதை மாற்றியது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் முதலில் வாக்களித்தது; மற்ற நகரங்கள் பின்தொடர்ந்தன.

ஈப்போவில் அந்த வாக்குக்கு உயிர் கொடுத்தவர்கள் இரு தமிழ் வழக்கறிஞர்கள், டி. ஆர். சீனிவாசகமும் அவர் சகோதரர் எஸ். பி. சீனிவாசகமும். 1953இல் தொடங்கிய அவர்களின் மக்கள் முற்போக்குக் கட்சிக்குச் சீன வாக்காளர்களே பெரும்பலம். 1957 இடைத்தேர்தலில் டி. ஆர். நாடாளுமன்றம் புகுந்தார். 1960-களின் தொடக்கத்தில் நகர மன்றமும் கட்சியின் கையில் இருந்தது. கோலாலம்பூரில் கூட்டணிக் கட்சி ஆள, ஈப்போவின் சாக்கடையையும் சந்தையையும் தெருவிளக்கையும் எதிர்க்கட்சி கவனித்தது. இனம் பார்த்தே வாக்கு விழும் என்று சொல்லப்பட்ட நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 1969 மார்ச்சில் டி. ஆர். காலமானார், ஈப்போவில் ஒரு பூங்கா அவர் பெயரைத் தாங்குகிறது.

1965 மார்ச் 1இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி அரசு ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. மோதல் மறு ஆண்டே ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் மலேசிய இந்தியர் காங்கிரஸைச் (ம.இ.கா.) சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். ஆளும் கூட்டணிக்காரரே ஆயினும், தேர்தல் மீண்டும் வேண்டும் என்றே அவரது ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10ஆம் பிரிவின்படி மாநில அரசு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை நியமிக்கிறது.

நகரத்தார் இழந்ததைத் தோட்டத்தார் பெற்றதே இல்லை. பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயமும் குழாயும் மண்சாலையும் கம்பெனிச் சொத்தாக இருந்தன. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மேற்பார்வை பார்த்த தண்டலிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுத்தரான கிராணியிடம் சொல்வார். கிராணி மனம்வைத்தால் தோட்ட நிர்வாகியான துரையின் காதுக்கு எட்டும். பால்மரம் சீவியவர்களுக்கு நாடாளுமன்ற வாக்கு வந்த பிறகும், வாசலில் நடப்பதைத் தீர்மானிக்கும் வாக்கு வரவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போக, பிழைப்புத் தேடி நகரோரக் குடியிருப்புகளுக்கு வந்தவர்களை வரவேற்றது நியமன மன்றம். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

நாட்டின் தலைநகர் கோலாலம்பூரின் நிலை இன்னும் மோசம். 1974 பிப்ரவரி 1இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானதும் அதற்குச் சட்டமன்ற இடங்களும் போயின; மிஞ்சியது நாடாளுமன்ற வாக்கு மட்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் நேர் எதிர்த்திசையில் நடந்தது. 1973இல் வந்த சட்டத்தால் மேயரையும் நகர மன்றத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. ஆனால் நாடாளுமன்றத்தில் அதன் பிரதிநிதிக்கு இன்றும் வாக்கில்லை. ஒரு தலைநகருக்கு இல்லாதது மற்றதற்கு இருக்கிறது. முழு உரிமை இரண்டுக்கும் இல்லை.

தேர்தலை மீட்கும் முயற்சியில் பினாங்கு 2012இல் தனிச்சட்டமே இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 1988இல் மாநகரான ஈப்போவில் மேயரான டத்தோ பண்டாரும் நியமனமே. சாக்கடை அடைத்துக்கொண்டால் பலர் நாடுவது தாங்கள் வாக்களித்த சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தை. அவர் மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதுகிறார்.