இசை ஏட்டின் அமைப்பு

இசை ஏடு ஒன்றை அமைப்பது எங்ஙனம்? நாம் வாழும் வடநாட்டிலேயே இதற்கு நல்லதொரு வரலாறு உண்டு. உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் நகரில் 1932-இல் சங்கீத் காரியாலயத்தை நிறுவியவர் பிரபுலால் கர்க். காகா ஹாத்ரஸி என நகைச்சுவைக் கவிஞராய்ப் புகழ்பெற்றவரும் அவரே. அங்கிருந்து 1935-இல் ‘சங்கீத்’ என்னும் இந்தித் திங்களிதழ் வெளிவரலாயிற்று.

வடநாட்டு இசை அச்சில் பெரிதும் வழங்குவது பாத்கண்டே (1860–1936) வகுத்த சுரக்குறி முறை. மந்தர சுரத்திற்குக் கீழே புள்ளி. தார சுரத்திற்கு மேலே புள்ளி. கோமள சுரத்தின் அடியில் கோடு. தீன் தாளத்தின் 16 மாத்திரைகளும் நந்நான்காய் நான்கு பகுதிகளாகும். ‘சம்’ விழுமிடத்தில் பெருக்கற்குறி, ‘காலி’க்குச் சுழியம். இருப்புப்பாதைக் கால அட்டவணையில் நிலையத்திற்கு நேரே நேரம் நிற்பதுபோல, சுரத்திற்கு நேர் கீழே பாட்டின் எழுத்து நிற்றல் வேண்டும். புள்ளி இடம்மாறின் ஸ்தாயி மாறும். கட்டம் தவறின் தாளம் கெடும்.

தென்னாட்டில் இப்பணி முன்னரே நிகழ்ந்தது. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. கமகங்களுக்கும் அதில் தனிக்குறிகள் உண்டு.

குறி ஒருநாளும் குருவாகாது. ஆயினும் குருவைப் பிரிந்து மாற்றலாகி வந்த குடும்பத்துப் பிள்ளைகள், கற்ற பாட்டை மறவாதிருக்க அதுவே துணை. ஆதலின் நம் சங்கம் இசை ஏடு காண விழையின், அட்டைப்படத்திற்கு முன்னர்ச் சுரம் நிற்கும் கட்டத்தைச் செவ்வனே வரைவோமாக!