உறுமி கேட்காத தைப்பூசம்

தைப்பூசப் படங்கள் நிறைய வந்துட்டுது, அதனால காதால கேட்ட தைப்பூசத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நம்ம பினாங்கில் தைப்பூசம் என்றாலே சத்தம்தான். 1894-ல் காரைக்குடியில் செய்த செட்டியார் வெள்ளி ரதம், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்பும்போது நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போகும். அப்புறம் வழி முழுக்கச் சிதறு தேங்காய். சீனர்களும் குவித்து வைத்து உடைப்பாங்க. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் காவடிக்கு உயிர் உறுமிதான். அதுக்கு ரெண்டு முகம். ஒன்றில் வளைந்த குச்சியால் தேய்ப்பாங்க, அதுதான் அந்த உறுமல். இன்னொன்றில் தட்டுவாங்க. அலகு குத்தி, தோளில் பாரம் தூக்கி 513 படி ஏறுபவருக்கு அடி எடுத்து வைக்க அந்தத் தாளம்தான் கைப்பிடி.

நம் நாட்டில் முதல் கோவிட் நோயாளிகள் 2020 ஜனவரி 25-ல். அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 8, வழக்கம்போல நடந்தது. மார்ச் 18-ல் பிகேபி வந்தது. அடுத்த தைப்பூசம், 2021 ஜனவரி 28, பினாங்கு மறுபடியும் பிகேபியில். காவடி இல்லை, பந்தல் இல்லை, தண்ணீர்மலை அடிவாரத்தில் பறவைச் சத்தம்தான்.

நோய்க்கு அடங்கி இருப்பது நமக்குப் புதுசு இல்லை. அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டாங்க, சத்தமா பேச மாட்டாங்க. வேப்பிலையும் மாரியம்மன் தாலாட்டும் மட்டும்தான். பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது, ஆனாலும் பாட்டிமார் அந்தப் பழக்கத்தை விடலை. ஒரு வித்தியாசம். அப்போ ஒரு வீடுதான் அடங்கும், அம்மனுக்குக் கோயிலில் மேளம் கொட்டும். இந்த முறை கோயிலும் சேர்ந்து அடங்கிவிட்டது.

பூஜை ஃபேஸ்புக் நேரலையில் வந்தது. கைப்பேசி மணிச் சத்தத்தைத் தகரமாக்கிவிடும், நாதஸ்வரத்தைப் பாதியில் வெட்டும். ஆனாலும் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திட்டுக் கேட்டோம். கோயிலுக்கு வந்தால்கூட அப்படிக் கேட்டதில்லை. தெருவும் அமைதி, அதனால குயின் ஸ்திரீட் பக்கம் மாரியம்மன் கோயில் மணியும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பாங்கும் தனித்தனியா தெளிவாக் கேட்டது.

கஷ்டப்பட்டது வாசிப்பவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்கு எல்லை 2022 ஏப்ரல் 1 வரை முழுசா திறக்கலை. சில கோயில்களில் ஐயர் ஒருத்தரும் மோட்டார் மேளமும்தான். அது தவறாமல் அடிக்கும், ஆனால் தீபாராதனை எப்போ முடியுதுன்னு அதுக்குத் தெரியாது. நம்ம உறுமிப் பசங்க பாடு இன்னும் மோசம். சேர்ந்து பழக முடியலை. நம்ம ஊர் ஈரத்தில் தோல் தளர்ந்து பூஞ்சை பிடிச்சுப் போச்சு. சிலர் வேலைக்குப் போய்ட்டாங்க, திரும்பி வரலை.

2022-ல் பால்குடம் மட்டும், காவடி இல்லை. 2023 பிப்ரவரி 5-ல்தான் எல்லாம் திரும்பியது. உறுமி கேட்டதும் பெரியவங்க சிலர் கண் கலங்கி நின்னாங்க.

ஆனால் பந்தல் ஸ்பீக்கரும் திரும்பிடுச்சு, முன்னைவிடச் சத்தமா. நான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அங்கே 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் சட்டப்படி எல்லை, மீறினால் காதடைப்பான் கொடுக்கணும். ரெண்டு பந்தல் நடுவில் சினிமா மெட்டில் மாட்டிக்கொண்ட காவடிக்காரருக்குத் தன் உறுமியே கேட்கிறதில்லை. கால் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கேன்.

எங்க பந்தலில் இப்போ ஒரு பையனை ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார வைக்கிறோம். காவடி தூரத்தில் தெரிஞ்சதும் குறைப்பான், கடந்து போனதும் கூட்டுவான். மற்ற பந்தல்காரங்களும் வருகிற பூசத்துக்கு இதைச் செய்து பாருங்க, செலவு ஒன்னும் இல்லை. உறுமி பழக விரும்பும் பிள்ளைகள் இருந்தால் கீழே பதிவு போடுங்க, பழைய குழுவில் மூணு பேர் சொல்லிக்கொடுக்கத் தயாரா இருக்காங்க.