கூலியில ஒரு பங்கு வாசிப்புக்கு

கொக்குவில் எண்டதும் இண்டைக்குக் கனபேருக்கு ஞாபகம் வாறது கொக்குவில் இந்துவும் காங்கேசன்துறை வீதியும்தான். ஆனால் போன நூற்றாண்டில் இந்த ஊர் சுருட்டுக்குப் பேர்போனது. யாழ்ப்பாணத் தோட்டங்களில் விளைந்த புகையிலையை இங்குள்ள கொட்டில்களில் சுருட்டாக்கித் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கொட்டில்களைப் பற்றிக் கதைக்கிற எங்கட மூத்த ஆக்கள் ஒரு விசயத்தைச் சொல்லாமல் விடமாட்டினம். ஒருவர் பேப்பரை உரத்து வாசிப்பாராம். மற்றவர்கள் கை ஓயாமல் சுருட்டிக்கொண்டே கேட்பார்களாம். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர்களுக்கும் உலக நடப்புத் தெரிந்தது இப்படித்தான்.

இதில் ஒரு காசுக் கணக்கு இருக்கு. கையால் சுருட்டுகிற தொழிலில் எத்தனை சுருட்டினீர்களோ அதற்குத்தான் கூலி. வாசித்துக்கொண்டிருக்கிறவரால் அந்த நேரம் சுருட்ட முடியாது. அப்ப அந்த நட்டத்தை ஆர் பொறுக்கிறது?

கேரளத்தின் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் இதுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தாங்கள் சுற்றிய பீடிகளில் கொஞ்சத்தை வாசிப்பவரின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அவருடைய கூலி குறையாது. எல்லாருக்கும் செய்தி கிடைக்கும்.

கியூபாவில் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. 1865இல் ஹவானாவின் 'எல் ஃபிகரோ' சுருட்டுத் தொழிற்சாலையில் உரத்த வாசிப்புத் தொடங்கியது. அடுத்த வருசமே ஸ்பானிய ஆட்சி அதைத் தடைசெய்தது. ஆனாலும் அது அழியவில்லை. கியூபத் தொழிலாளர்கள் புலம்பெயர்ந்து போன அமெரிக்காவின் புளோரிடா வரைக்கும் அவர்களோடயே போனது. வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாராவாரம் சேர்த்துக் கொடுத்தார்கள். எந்த நாவல் வாசிக்கிறது எண்டதையும் அவர்களே வாக்குப்போட்டுத் தீர்மானித்தார்கள். விக்டர் ஹியூகோவும் அலெக்சாண்டர் டூமாவும் அவர்களுக்கு மிகவும் பிடித்தவர்கள். இண்டைக்கும் பிரபலமான 'மொன்டே கிறிஸ்டோ' சுருட்டின் பெயர் டூமாவின் நாவலில் இருந்து வந்ததுதான்.

"கூலியே காணாத ஆக்களுக்கு நாவல் எதுக்கு? அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாமே" எண்டு ஆரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஏன் கூலி காணாது, அதற்கு என்ன செய்யலாம் எண்டு அவர்கள் தெரிந்துகொண்டதும் அந்த வாசிப்பில்தான். கண்ணூரில் தொழிற்சங்கம் வளர்ந்ததில் பீடிக் கொட்டில் வாசிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1891இல் ஹொசே மார்த்தி புளோரிடாவின் டாம்பா நகரத்துக்கு வந்து பேசினார். கியூப விடுதலைக்கு அவர் ஆதரவும் காசும் தேடியது பெருஞ்செல்வந்தர்களிடம் இல்லை, இந்தச் சுருட்டுத் தொழிலாளர்களிடம். பலர் தங்கள் ஒரு நாள் கூலியையே அதற்கெண்டு ஒதுக்கினார்கள். மிஞ்சினால் பார்ப்பம் எண்டு இருந்திருந்தால் ஒண்டும் மிஞ்சியிராது. வருகிற காசில் முதல் பங்கு எதற்கு எண்டதை முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள்.

இந்த வாசிப்பு முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. தொழிலாளர்களைத் தூண்டிவிடுகிற எழுத்துகளை வாசிக்கிறார்கள் எண்டு குற்றம்சாட்டி, 1931இல் டாம்பா தொழிற்சாலைகளில் இருந்து வாசிப்பவர்களை அகற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பலிக்கவில்லை. பிறகு அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. ரேடியோவுக்குத் தொழிலாளர்கள் கூலியில் பங்கு கொடுக்கத் தேவையில்லை. என்ன கேட்கிறது எண்டு வாக்குப் போடவும் ஏலாது.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இதுதான். அவர்கள் கொடுத்த சில்லறைக்குக் கிடைத்தது வாசிப்பு மட்டும் இல்லை, எதை வாசிக்கிறது எண்டு தீர்மானிக்கிற உரிமையும்தான். காசு கொடுக்கிற இடம் மாறினபோது அந்த உரிமையும் கைமாறிப்போச்சு.

இப்ப எங்கட கதைக்கு வருவம். ஃபோனில் நாங்கள் சும்மா பார்க்கிற வீடியோக்களுக்குக் காசு கொடுக்கிறது விளம்பரக் கொம்பனிகள். அதனால் அடுத்து எது வரவேணும் எண்டதில் எங்கட விருப்பத்தை விட அவர்களுடைய லாபத்துக்குத்தான் மதிப்பு. இன்னொரு பக்கம், மகாபொல காசு வந்த கிழமையே டேட்டா, சாப்பாட்டுக்கடை, நண்பரின்ர பிறந்தநாள் எண்டு கரைஞ்சு போகுது. இதில் எதுவும் பிழை இல்லை. நண்பருக்குக் கேக் வாங்குறதும் எங்களுக்கு முக்கியமானதா இருக்கலாம். ஆனால் வாசிப்பு முக்கியம், நாடகம் முக்கியம், ஊர் முக்கியம் எண்டு கதைக்கிற நாங்கள், போன மாசம் அதில ஒண்டுக்காவது ஒரு நூறு ரூபா ஒதுக்கினோமா?

ஒதுக்கின காசு சின்னனா இருக்கிறதும் தடை இல்லை. கண்ணூரில் ஒவ்வொருத்தரும் கொடுத்தது சில பீடிகள்தான். பத்துப்பேர் சேர்ந்து ஒரு சஞ்சிகைக்குச் சந்தா கட்டலாம், ஒரு புத்தகத்தை வாங்கிச் சுற்றுக்கு விடலாம், ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு பேப்பர் போட ஒழுங்கு செய்யலாம். கொட்டில்காரரிடம் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒழுங்கு ஒண்டுதான்: காசு கைக்கு வந்த அண்டைக்கே அந்தப் பங்கை எடுத்து வைக்கிறது.