தோட்டப் பள்ளியில் முகிற் பாடம்

மழையை நம்பி வாழும் மக்களின் பிள்ளைகளுக்கு வானிலையறிவு தொடக்கக் கல்வியிலேயே கிடைத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், இலங்கையின் தேயிலை மலைநாட்டில் அஃது ஒழுங்கான பாடமாக அமைய நெடுங்காலம் சென்றது. இத்தாமதத்தின் காரணம் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றினுள்ளேயே காணப்படுகின்றது.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், கெகெல்கமு ஓயா பாயும் மலைகளுக்கிடையே அமைந்துள்ளது. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் இப்பகுதிகளில் தேயிலை நிலைபெற்றது. அதன் பொருட்டுத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர்.

அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையை 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமார்மீது சுமத்திற்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை வலியுறுத்திற்று. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளே அக்கடமைக்குள் அடங்கினர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே பெரும்பாலான பள்ளிகளின் நிலை. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றுக்கே பொழுது போதவில்லை. இதனிடையே தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் மழையளவு குறிக்கப்பட்டு வந்தது. அவ்வளவு கொழுந்தின் விளைச்சலைக் கணிக்கப் பயன்பட்டதேயன்றி, அருகிலிருந்த பள்ளியின் கரும்பலகையை எட்டவில்லை.

1977 முதல் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. 1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை ஒரு பாடமாக்கிற்று. பிள்ளை தன் சூழலைக் கண்டும் தொட்டும் அறிதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். மலைநாட்டில் வானிலை கற்பிப்பதற்கு வாயில் திறந்தது இவ்வாறே எனலாம்.

எனினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நிற்கின்றது. தமிழிலுள்ள பருவப் பெயர்கள் வேறு நிலங்களிற் பிறந்தவை. தொல்காப்பிய உரைகாரர் ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என வகுத்தனர். யாழ்ப்பாணத்து உழவனுக்கு ஐப்பசி, கார்த்திகையே மாரி. பொகவந்தலாவையிலோ வைகாசி பிறந்த சின்னாட்களில் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொணர்கின்றது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும், மட்டக்களப்பார் கச்சான் என்றும் வழங்கும் வறண்ட காற்றும் இதுவேயாம். ஈரக்காற்று மேற்குச் சரிவில் மோதி உயர்கின்றது, உயர்ந்து குளிர்கின்றது, குளிர்ந்து முகிலாகி மழையைச் சொரிகின்றது. மலையைக் கடந்தபின் இறங்கி, வெம்மையுற்று உலர்கின்றது. இதனை விளக்காது, மாரி ஐப்பசியில் வரும் என்று மனனஞ் செய்விக்கும் ஆசிரியர், ஆனி மாதத்தில் நனைந்து வந்த பிள்ளையைத் தன் கண்ணையே ஐயுறச் செய்கின்றார்.

முகில்களை வகுத்துப் பெயரிட்ட பெருமை இலண்டன் நகரத்து மருந்து வணிகர் லூக் ஹவார்டுக்கு உரியது. 1802 இல் அவர் நிகழ்த்திய உரையிற் கண்ட கீற்றுமுகில், திரள்முகில், படைமுகில், மழைமுகில் என்னும் பகுப்பே இன்றைய பத்து வகைகளுக்கும் அடிப்படை. தமிழிலும் முகிற்பெயர்கள் பலவுள. எழுவது எழிலி, நீரைக் கொண்டது கொண்டல், கரியது கார், வெண்மையாய் மலையிற் படிவது மஞ்சு. பொருள் விளங்கும் இப்பெயர்களினின்று தொடங்கின் சிறுவர்க்குப் பாடம் எளிதாகும். மேலும், லயத்து வாயிலைக் காலையில் மூடும் மூட்டம் தரையைத் தொட்ட படைமுகிலேயாம். ஏனையோர் தாளின் உச்சியில் வரையும் முகிலினுள்ளே இப்பிள்ளைகள் நடந்து பள்ளிக்கு வருகின்றனர்.

இப்பாடம் வெறும் அழகுணர்ச்சிக்கன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட்காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர்; திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை என்ற நிலை சிலரை எதிர்கொண்டது. அவ்விடம் ஆபத்தானதென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் குடியிருப்புகள் அங்கேயே இருந்தன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியும் மலைநாட்டிற் பல இடங்களிலே மண்சரிவுகளை விளைத்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பும், 100 மில்லிமீற்றரில் எச்சரிக்கையும், 150 மில்லிமீற்றரில் வெளியேற்றமும் வேண்டும் எனக் கணித்துள்ளது. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள தகரப்பேணியும் ஓர் அடிமட்டமும் கொண்டு ஐந்தாம் வகுப்பு மாணவன் இவ்வளவைக் காணலாம். பேணியில் நின்ற நீரின் உயரமே மழையின் அளவு. மழைமானி அன்று துரையின் அலுவலகத்தோடு நின்றது. இன்று அதனை வகுப்பறைக்குக் கொணரச் செலவில்லை.

முகிற் பாடம் பாதுகாப்பான நிலத்தையும் வீட்டையும் தந்துவிடாது. அவற்றைத் தருதல் ஆள்வோர் கடன். ஆனால் இரவு முழுதும் பெய்த மழையை அளந்து, இனி இங்கிருத்தல் தகாது என்று தாய்தந்தையர்க்கு உரைக்கவல்ல பிள்ளையை அது தரும். மலைநாட்டு ஆரம்பப் பள்ளி ஆற்றத்தக்க தொண்டுகளுள் இதனினுஞ் சிறந்தன சிலவே.